கல்லடி, நான் மாப்பிள்ளையாக வந்த ஊர்

மட்டக்களப்பு நகரத்துக்குள் யாராவது என்னிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பாலத்துக்கு அங்கால" என்றுதான் சொல்வேன். எந்தப் பாலம் என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. கோட்டமுனைப் பாலம் இருக்கிறது, வலையிறவுப் பாலம் இருக்கிறது, ஆனால் மொட்டையாகப் பாலம் என்றால் அது கல்லடிப் பாலம். பாலத்துக்கு அங்கால என்றால் கல்லடி. அதோடு விலாசம் முடிந்துவிடும்.

நான் பிறந்தது காரைதீவில். அம்பாறை மாவட்டம், கல்முனைக்குக் கொஞ்சம் தெற்கே, கண்ணகி அம்மன் கோயிலும் கடலும் வயலும் உள்ள ஊர். அங்கிருந்து கல்லடிக்கு நாற்பது கிலோமீட்டர் அளவு தூரம். 2002இல் கல்யாணம் செய்து ஒரு பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் இங்கே வந்தேன். அன்றிலிருந்து இதுதான் என் ஊர். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, "வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கேட்டார். அவர்களுடைய ஊரில் அது ஒரு குத்தல் பேச்சு என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லே தேவைப்படுவதில்லை, ஏனென்றால் மாப்பிள்ளை என்றாலே பெண் வீட்டுக்குப் போகிறவன்தான். என் அப்பா அம்மா வீட்டுக்கு வந்தவர். அம்மப்பா அம்மம்மா வீட்டுக்கு வந்தவர். என் தம்பி தம்பிலுவிலுக்குப் போய்விட்டான். எங்கள் அம்மாவின் வீட்டில் இப்போது தங்கை இருக்கிறாள்.

இதைச் சொல்லாமல் கல்லடியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துத் தமிழர்களுக்குக் குடி தாய்வழியில் வருகிறது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, பணிக்கனார் குடி என்று பெயர்கள் உண்டு. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி, அதை "வயித்துவார்" என்பார்கள். கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடையது என்பது பல ஊர்களில் இன்றைக்கும் குடியைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். தாய்வழியில் சொத்துப் போவதற்கு முக்குவச் சட்டம் என்று ஒரு தனிச் சட்டமே முன்பு இந்தப் பகுதியில் நடைமுறையில் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், பொதுச் சட்டம் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. வீடு பெண்பிள்ளைக்கு. மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவுக்குள் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள். அடுத்தவளுக்கு அந்த வீடு. மறுகா அதற்குப் பின்னால் இன்னொன்று. அண்ணன் தம்பிமார் வெளிநாட்டுக்குப் போய் உழைப்பதில் பாதி தங்கச்சிமாருக்கு வீடு கட்டத்தான்.

கல்லடியின் ஒழுங்கைகளில் நடந்தால் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும். என் மனைவியின் ஒழுங்கையில் பதினொரு வீடு. அதில் ஏழு வீட்டுப் பெண்கள் ஒரே அம்மம்மாவின் பேத்திமார். ஆண்கள் எல்லோரும் வந்தவர்கள்: ஒருவர் களுதாவளை, ஒருவர் ஆரையம்பதி, ஒருவர் வாழைச்சேனை, நான் காரைதீவு. மாலையில் பெண்கள் வேலிக்கு வேலி கதைத்துக்கொண்டிருப்பார்கள், கறி கை மாறும், சண்டையும் நடக்கும், இரவு எட்டு மணிக்குச் சமாதானமும் ஆகிவிடும். வந்த புதிதில் எனக்கு இந்த ஒழுங்கையில் யாருடைய பிள்ளை யார் என்று பிடிபட ஒரு வருடம் போனது. எந்தப் பிள்ளையும் எந்த வீட்டிலும் சாப்பிடும்.

சரி, ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் வாவி. எங்கள் சனங்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்த ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு மணல் துண்டு. ஆற்றங்கரையில் நின்று கிழக்கே நடக்கத் தொடங்கினால் இருபது நிமிடத்துக்குள் கடல் வந்துவிடும். நடுவால் கல்முனைக்குப் போகிற பெருந்தெரு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக வருகிற ஏ4 வீதிதான் அது. பாலத்தால் இறங்கித் தெற்கே போனால் கல்லடி, உப்போடை, வேலூர், நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், அதற்குப் பிறகு காத்தான்குடி. இந்தப் பெயர்களை ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஓடை, முனை, குடா, தொடுவாய். எல்லாம் தண்ணீர் நிலத்தைத் தொடுகிற இடங்களின் பெயர். இன்றைக்கு இவை எல்லாம் மாநகரசபைக்குள் இருக்கிற நெருக்கமான குடியிருப்புகள், தெருவோரம் முழுக்கக் கடை, வங்கி, டியூசன் வகுப்பு. ஓடை எது, முனை எது என்று இப்போது காட்டுவது கஷ்டம். மாரியில் பெருமழை பெய்தால் மட்டும் தண்ணீர் தன் பழைய வழியை ஞாபகம் வைத்து வரும். உப்போடையில் எந்த வீட்டு முற்றத்தில் முதலில் தண்ணீர் நிற்கும் என்று எங்கள் மாமிக்குத் தெரியும், ஏனென்றால் அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அது பள்ளக்காணி. அப்படி வெள்ளம் ஏறும் வருடங்களில் முகத்துவாரத்தை மூடியிருக்கும் மணல் திட்டை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் விடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்று சொல்வோம். ஆற்றுவாய் வெட்டியாச்சு என்று செய்தி வந்தால்தான் மாமி நிலத்தில் இருக்கிற அரிசி மூட்டையைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்துவார்.

பாலத்துக்கு வருகிறேன். பழைய பாலம் 1924இல் திறந்தது. அப்போது இலங்கையின் ஆள்பதியாக இருந்த வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். இரும்புச் சட்டகம், ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அகலம். அதற்கு முன்னால் தோணிதான். நகரத்தின் மையமான புளியந்தீவு பெயருக்கேற்ற தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அங்கேதான் இருக்கிறது. பெரிய பள்ளிக்கூடங்கள், மாதா கோயில்கள், நீண்ட காலம் கோட்டைக்குள்ளேயே இயங்கிய கச்சேரி என்கிற அரச அலுவலகம், எல்லாம் அந்தக் கரை. இந்தக் கரையில் தென்னை, மீன், மணல். பாலம் வந்த பிறகு இந்தக் கரை நகரத்தின் புறமாக மாறத் தொடங்கியது. உத்தியோகக்காரர் வளவு வாங்கினார்கள், காலையில் சைக்கிளில் பாலத்தால் போய் மாலையில் பாலத்தால் வந்தார்கள்.

நான் வந்த காலத்தில் பெருந்தெருப் போக்குவரத்து முழுக்க அந்த ஒற்றைப் பாலத்தில்தான். அந்தப் பக்கத்தால் பஸ் வந்தால் இந்தப் பக்கம் எல்லோரும் காத்திருக்க வேண்டும். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியும் சேர்ந்துகொள்ளும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்ற சனங்களுக்கு அந்தப் பாலம் வெறும் இரும்பு இல்லை, ஒவ்வொரு நாளும் எழுதிப் பாஸாக வேண்டிய ஒரு பரீட்சை. 2013இல் ஜப்பான் உதவியோடு கட்டிய புதுப் பாலம் பக்கத்திலேயே திறந்தது. அகலமானது, நடைபாதை உள்ளது. பழையதை இடித்துவிடுவார்களோ என்று எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. இடிக்கவில்லை. இப்போது அதில் நடப்பவர்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் போகின்றன. எனக்குப் புதுப் பாலம் வேண்டும், அது வந்திராவிட்டால் இந்த ஊர் மூச்சு முட்டிச் செத்திருக்கும். ஆனாலும் தனியாகப் போனால் நான் பழைய பாலத்தால்தான் போவேன்.

விடிய ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். பாலத்தின் இரும்பு இரவுப் பனியில் ஈரமாக இருக்கும். தூண்டில்காரர்கள் ஆளுக்கொரு இடம் பிடித்துச் சாய்ந்து நிற்பார்கள், காலடியில் வாளி, வாளிக்குள் இறால் துண்டு. கீழே தோணியில் ஒருவர் எழுந்து நின்று வீச்சுவலையை இடது தோளில் ஒரு மடிப்பும் பல்லில் ஒரு நுனியுமாகப் பிடித்து, உடம்பை ஒரு சுழற்றுச் சுழற்றி எறிவார். வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழும்போது சோள் என்று மணல் கொட்டின மாதிரி ஒரு சத்தம். மேலே மோட்டார் சைக்கிள் போனால் பாலம் முழுக்க அதிரும், தூண்டில்காரர் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆறரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை வரத் தொடங்கும். அதோடு அவர்கள் தூண்டிலைச் சுருட்டி எழுந்துவிடுவார்கள். அந்த மீன் சந்தைக்குப் போகாது, நேரே வீட்டுச் சட்டிக்குத்தான்.

மீன் பாடுவது உண்மையா என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். மீன்பாடும் தேனாடு என்று பெயர் வைத்திருக்கிறோம், கேட்கத்தானே வேண்டும். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்கிற பிரித்தானிய அதிகாரி இரவில் தோணியில் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். இங்கத்தைய மீனவர்கள் அது ஊரியின் சத்தம் என்று அவருக்குச் சொன்னார்கள். ஊரி என்றால் ஆற்றடியில் இருக்கிற சங்கு மாதிரியான சிப்பி. பிறகு லாங் என்கிற அமெரிக்க யேசுசபைப் பாதிரியார் கருவியை இறக்கி ஒலிப்பதிவும் செய்தார். என்னுடைய சாட்சியையும் எழுதிவிடுகிறேன். 2003இல், சித்திரைக்குப் பிறகு வந்த ஒரு பூரணையன்று, பாலத்தில் வாகனம் அடங்கிய நேரம், மாமா என்னைத் தோணியில் கூட்டிப்போனார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றும் இல்லை. என் காதின் சத்தமே எனக்குக் கேட்டது. "மூச்ச விடாம கேளு தம்பி" என்றார். கொஞ்ச நேரத்தில் ஈரக் கண்ணாடியில் விரலைத் தேய்த்தால் வருகிற மாதிரி, மிக மெல்லியதாக, ஒன்று நீண்டு வந்தது, அது நிற்க முன்னம் வேறொரு சுருதியில் இன்னொன்று. பாட்டு என்று சொல்ல முடியாது. பாடுவதற்கு முன்னால் சுருதி சேர்ப்பார்களே, அது. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் ஒன்றும் சொல்லாமல் தோணியைத் திருப்பினார். இப்போது பாலத்தில் வாகனம் அடங்குகிற நேரம் என்று ஒன்று கிடையாது, ஆற்றிலும் எஞ்சின் படகு. நான் பலதரம் போய்ப் பார்த்துவிட்டேன், மறுபடி கேட்கவில்லை. என் பிள்ளைகளுக்கு அது ஒரு கதை மட்டும்தான் என்பதில் எனக்கு உண்மையாகவே துக்கம் இருக்கிறது.

அந்தச் சத்தத்தை நீரரமகளிர் பாட்டு என்று தமிழில் பாடிவைத்தவர் விபுலானந்த அடிகள். அவரும் காரைதீவு. 1892இல் மயில்வாகனம் என்ற பெயரோடு எங்கள் ஊரில் பிறந்தவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிப் பேச்சுப்போட்டி இல்லாமல் பள்ளிக்காலம் முடியாது. ஆனால் காரைதீவில் பிறந்தவர் கல்லடியில்தான் உறங்குகிறார் என்பது நான் இங்கு வந்த பிறகுதான் மனதில் தைத்தது. பாலம் திறந்த அதே 1924இல்தான் அவர் துறவு பூண்டார். ஐந்து வருடம் கழித்து, 1929இல், கல்லடி உப்போடையில் தன் குருவின் பெயரில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். அந்த நாளில் இது ஊருக்கு வெளியே உள்ள மணல்வெளி. நகரத்தில் மிசன் பள்ளிக்கூடங்கள் பேர்பெற்று நின்ற காலம் அது, அவரே நகரத்து மிக்கேல் கல்லூரியில் படித்தவர். கிராமத்து ஏழைப் பிள்ளை தன் சமயத்தோடும் தமிழோடும் விஞ்ஞானமும் படிக்க ஒரு இடம் வேண்டும் என்று நினைத்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பதினான்கு வருட உழைப்பான யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19இல் காலமாகிவிட்டார். உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து அவர் கட்டிய பள்ளிக்கூடத்து வளவிலேயே அடக்கம் செய்தார்கள்.

அந்தச் சமாதியடியில் காலையில் மாணவர் இல்லத்துப் பிள்ளைகள் பூப் போடுவார்கள். நான் வந்த முதல் மாதத்தில் ஒருநாள் மனம் சரியில்லாமல் போய் உட்கார்ந்திருந்தேன். ஊரை விட்டு வந்த பொடியனுக்கு ஊர்க்காரர் ஒருவரைக் கண்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

அவருடைய பெயரில் இங்கே இன்னொன்றும் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம். இசைக்கும் நடனத்துக்கும் என்று தொடங்கிய கல்லூரி வளர்ந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. சங்கீதம், பரதம், ஓவியம், நாடகம், எங்கள் வடமோடி தென்மோடிக் கூத்து எல்லாம் அங்கே படிக்கிறார்கள். யாழ்ப்பாணம், மலையகம், வன்னி என்று எங்கிருந்தோ பிள்ளைகள் வந்து எங்கள் ஒழுங்கைகளில் அறை எடுத்து இருக்கிறார்கள். பின் வளவில் ஒரு அறை கட்டிவிட்டால் ஒரு விதவைப் பெண்ணுக்கு மாதச் செலவு ஓடிவிடும், அப்படிப் பல வீடு எனக்குத் தெரியும். விடிய எழும்பினால் ஒரு வீட்டில் மிருதங்கம், அடுத்த வீட்டில் சலங்கை, எதிர்வீட்டில் கோழி. சில வேளை எல்லாம் ஒரே தாளத்தில் வந்துவிடும்.

பறங்கியரையும் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கம் டச்பார் என்கிற இடம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருந்தன. தச்சு, இரும்பு வேலை, தையல், அச்சகம் என்று கை வேலையில் கெட்டிக்காரர்கள். வீட்டுக்குள் போர்த்துக்கேயம் கலந்த தங்கள் மொழி, வெளியே எங்களைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ். எங்கள் வீட்டு முன்கதவைச் செய்தவர் ஒரு பறங்கி அங்கிள். "அங்கிள்" என்று நான் கூப்பிட்டால் "சொல்லு மனே" என்பார். கதவு மாட்டிய அன்று மூன்றுதரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இது உன்ட பேரப்பிள்ளைக்கும் கிறீச்சிடாது" என்றார். அவர்களுடைய கல்யாண வீட்டில் வயலினுக்குக் கப்ரிஞ்ஞா என்கிற நடனம் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். எழுபது வயதுக் கிழவி பாவாடையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள், மேடைக் கலைஞர்களை ஒருநாளும் நான் அப்படிக் கைதட்டிப் பார்த்ததில்லை.

2004 டிசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள், முதல் நாள் நத்தார். காலை ஒன்பது மணிக்குக் கிட்ட கடல் வந்தது. அதை விவரமாக எழுத என்னால் முடியாது, எழுதவும் போவதில்லை. நவலடி என்பது ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிற மணல், இரண்டு பக்கமும் தண்ணீர். அங்கே இருந்தவர்களுக்கு ஓடிப் போக ஒரு பக்கம் இருக்கவில்லை. டச்பாரிலும் கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் என்கிற இடத்திலும் தெருத் தெருவாகப் போனது. நத்தார் கொண்டாடிவிட்டு உறங்கிய பறங்கி வீடுகள் பல முழுதாகவே இல்லாமல் போயின. எங்கள் ஒழுங்கை பெருந்தெருவுக்கு மேற்கே இருந்ததால் தப்பியது. நாங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு ஓடினோம். அந்த ஒற்றைப் பாலத்தில் அன்றைக்கு ஊரே நின்றது. கல்லடிக் கடற்கரைக்கு வருகிறவர்கள் சாய்ந்து நிற்கிற திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தோடு படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அது ஒரு அதிசயம் மாதிரித்தான் நிற்கிறது. ஆனால் அது அன்றைய கடல் சாய்த்தது என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

நவலடிச் சனங்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள், நகரத்துக்கு வடக்கே. டச்பார்ப் பறங்கிக் குடும்பங்கள் பல பனிச்சையடிக்குப் போயின. கடலிலிருந்து பாதுகாப்பான தூரம், கல்வீடு, கரண்ட், தண்ணீர். உதவி செய்தவர்களுக்கு நன்றி இல்லாமல் பேசவில்லை. ஆனால் மாமியின் தங்கச்சியை நான் நினைக்கிறேன். சின்னம்மா நவலடியில் தன் தாய் சீதனமாகக் கொடுத்த வளவில் இருந்தவர். வீடு போனது, ஒரு பிள்ளை போனது. திராய்மடுவில் வீடு கிடைத்தபோது பத்திரம் குடும்பத் தலைவர் பெயருக்கு வந்தது, அதாவது சித்தப்பாவின் பெயருக்கு. அலுவலகத்தில் போய்க் கேட்டோம். படிவத்தில் குடும்பத் தலைவர் என்றுதான் இருக்கிறது, அது கணவன், என்றார்கள். சின்னம்மா அந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "ஐயா, வளவு என்ட அம்மாட்ட இருந்து எனக்கு வந்தது. இவர் என்ட வீட்டுக்கு வந்தவர். இவரிட்டயே கேளுங்க." சித்தப்பாவும் தலையாட்டினார். படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

இது சின்னம்மாவுக்கு மட்டும் நடந்தது இல்லை. சுனாமி வீடுகள் பெருமளவில் கணவன்மார் பெயரில் போனதைப் பற்றி மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அன்றே சத்தம் போட்டன. இருவர் பெயரிலும் கூட்டாக எழுதுங்கள் என்று கேட்டன. நல்ல மனதோடு வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் செங்கல் கணக்கு தெரிந்தது, இந்த மண்ணில் வீடு யாருடையது என்பது தெரியவில்லை. சாமான்களைக் கடல் கொண்டுபோனது, பெண்ணுக்கு வீடு என்பதைப் படிவம் கொண்டுபோனது. அக்கா தங்கச்சிமார் ஒரே வளவில் இருந்தவர்கள் குலுக்கல் முறையில் வெவ்வேறு வரிசையில் விழுந்தார்கள். நவலடியில் வேலியால் கறி கொடுத்தவர்கள் திராய்மடுவில் அக்காவைப் பார்க்கச் சைக்கிள் எடுக்க வேண்டியிருந்தது. ஆம்பிளைகள் தொழிலுக்கு இன்றைக்கும் நவலடிக் கடலுக்குத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு டிசெம்பர் 26உம் எல்லோரும் வருகிறார்கள். நினைவுத் தூணடியில் விளக்கு ஏற்றி, சாப்பாடு படைத்து, பிறகு பெண்கள் தனியாக எழுந்துபோய்த் தங்கள் தங்கள் வளவு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருப்பார்கள். எல்லைக்கு ஒரு அடையாளமும் இல்லை. ஆனால் சின்னம்மா மணலில் நேராகப் போய், "இதுதான் குசினி" என்று ஒரு இடத்தில் உட்காருவார். ஒவ்வொரு வருடமும் அதே இடம்.

காத்தான்குடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அரைக் கதைதான். மஞ்சந்தொடுவாய் தாண்டினால் தெரு நடுவில் பேரீச்சை மரம், இரண்டு பக்கமும் புடவைக் கடை, நகைக் கடை. சின்ன நிலத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் சனம். ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் ஒழுங்கையில்தான் விடை இருக்கிறது: அங்கேயும் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு, வளவு மகள்மாருக்குப் பிரிந்து பிரிந்து பேர்ச் என்கிற சின்ன நில அளவுக் கணக்குக்கு வந்துவிட்டது. குடியும் உண்டு, அதுவும் தாய்வழி. மதம் வேறு, வீடு கட்டுகிற நியாயம் ஒன்று. மாமியின் கல்யாணக் கூறையை அந்த நாளில் காத்தான்குடி வியாபாரி ஒருவர் சைக்கிளில் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினாராம், காசைத் தவணையாக வாங்கினாராம். 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வருடமே சத்துருக்கொண்டானில் தமிழர்கள், பிள்ளைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வியாபாரி வரவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான், பல வருடம் சனங்கள் போகவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகும் கொஞ்ச காலம் அப்படி ஆனது. என் மனைவி இப்போது மறுபடி அங்கேதான் புடவை எடுக்கிறாள். கடைக்காரர் "வாங்க தங்கச்சி, ஆருக்குக் கல்யாணம்?" என்பார். அவருக்கு மூன்று மகள், இரண்டு வீடு முடிந்துவிட்டது, மூன்றாவதற்கு மேல்மாடிதான் என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். நாங்கள் இரண்டுபேரும் வெகுநேரம் சீமெந்து விலையைப் பற்றிக் கதைத்தோம்.

கடற்கரை இப்போது மறுபடி கலகலப்பாக இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பல வருடம் எங்கள் பிள்ளைகளைக் கடலுக்கு விடவில்லை. கடல் பக்கம் முகம் திருப்பாமல் வாழ்ந்தோம் என்றே சொல்லலாம். பிறகு ஒரு கச்சான் வண்டி வந்தது, ஒரு வடைக் கடை வந்தது, ஊஞ்சல் போட்டார்கள். ஞாயிறு மாலை போனால் காத்தான்குடிக் குடும்பங்களும் கல்லடிக் குடும்பங்களும் பாய் விரித்து இருப்பார்கள், சின்னதுகள் அலையோடு ஓடிப் பிடித்து விளையாடும். கரைவலை இழுக்கிற நாளென்றால் எல்லோரும் அங்கே கூடிவிடுவார்கள். என் மூத்தவள் பதினைந்து வயதில்தான் முதல்தரம் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். மாமி கரையில் நின்று அவளுடைய சட்டைப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன தையில் மேசன் வந்தார். எங்கள் வளவில் இனி இடமில்லை, எனக்கு இரண்டு மகள். இந்த ஊரில் பாதி வீடுகளின் கூரைத் தட்டில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் கட்டி முடிக்கக் காசில்லை என்று நினைப்பார்கள். அது சின்ன மகளுக்கு விட்ட கம்பி. எங்கள் வீட்டிலும் ஆறு தூணில் துருப்பிடிக்காமல் இருக்கச் சீமெந்துப் பால் பூசிய கம்பி பத்து வருடமாக நிற்கிறது. எழுபத்தெட்டு வயது மாமி படியேறி மேலே வந்து, கையிலிருந்த தடியால் தட்டில் கோடு காட்டினார். இதில விறாந்தை, இதில அறை, குசினி கிழக்கால. "குசினி ஜன்னல் அக்காட வீட்டப் பாத்து வெய்யுங்க தம்பி" என்றார் மேசனிடம். "கூப்பிட்டா கேக்கோணும்." மேசன் கயிற்றை எடுத்து, நுனியை என்னிடம் தந்து பிடிக்கச் சொன்னார்.